52 வயதில் லான் பவுல்ஸ் தொடங்கலாமா? எந்தப் பந்து வாங்குவது?

மெல்பர்னுக்குக் குடிவந்து இரண்டு வருடம், வயது 52, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பவுல்ஸ் கிளப், தினமும் வேலி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடைப்பயிற்சி போகிறீர்கள், சின்ன வயதில் கோலி ஆடியதைத் தவிர வேறு விளையாட்டு தெரியாது, முழங்கால் கொஞ்சம் தகராறு, எந்த கம்பெனி பந்து வாங்கலாம், மனைவிக்கும் ஆசை, சேர்ந்து ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பந்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். அந்த கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்களோ, இந்த வயதில் கையில் வித்தை ஏறுமோ என்கிற தயக்கம்தான் அது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் அதே வேலிக்கு வெளியே நின்றவன். பந்துக்கு ஒரே வரியில் பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். மீதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. சனிக்கிழமைகளில் கிளப்புகளுக்கு இடையே நடக்கும் பென்னன்ட் போட்டிகளில் கீழ்ப் பிரிவுகளில் ஆடுகிறவன். நாலு வருடமாக வியாழக்கிழமை சாயங்காலங்களில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஆகவே ஆரம்பத்தில் எல்லோரும் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மேல்மட்டப் போட்டிகளின் நுணுக்கங்களுக்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

ஊரில் ‘பவுலிங் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன்’ என்று சொன்னால் ஒருவர் கிரிக்கெட் என்பார், இன்னொருவர் மாலில் பத்துக் கட்டையைச் சாய்ப்பது என்பார். இது இரண்டும் இல்லை. முதலில் ஜாக் என்ற சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் பந்தை உருட்டி விடுவார்கள். இங்கே பலர் அதைக் கிட்டி என்றும் சொல்வார்கள். பிறகு இரண்டு பக்கத்தாரும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டி, யார் ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எதிராளியின் மிக நெருக்கமான பந்தைவிட உங்கள் பந்துகள் எத்தனை நெருக்கமாக இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. உங்களுடையவை இரண்டு அப்படி இருந்தால் இரண்டு புள்ளி, அவருக்கு ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு பக்கம் முடிந்தால் அது ஒரு ‘எண்ட்’. அதற்கப்புறம் திரும்பி எதிர்த்திசையில் ஆட வேண்டும். கோலி ஆடியவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

விளங்காதது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பந்து நேராகப் போகாது. கையில் எடுத்துப் பார்த்தால் உருண்டை மாதிரிதான் இருக்கும், ஆனால் முழு உருண்டை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் ஒரு பக்கம் சற்று வித்தியாசமாகச் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே ஈயம் வைத்திருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய காலத்தில் அப்படியும் செய்தது உண்டு, இப்போதைய பந்துகளில் எல்லாமே வடிவத்தால் வருவதுதான். அந்தச் சாய்மானத்துக்குப் பெயர் பயஸ். சின்ன வயதில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டியிருப்பீர்களே, வேகமாக ஓடும்போது நேராகப் போகும், வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாய்ந்து வளைந்துகொண்டே போய் விழும். இதுவும் அதேதான். முதல் பாதித் தூரம் பெரிதாக வளையாது. கடைசியில் வேகம் அடங்கும்போது உள்பக்கம் கொக்கி போல் வளைந்து வரும். ஆகவே ஜாக்கைக் குறிபார்த்து உருட்டினால் பந்து ஜாக்கிடம் போகாது. வெளியே ஒரு இடத்தைக் குறிவைத்து விட்டால் அது தானாக வளைந்து உள்ளே வரும். முதல் நாளில் இதை மூளை ஏற்றுக்கொள்ளாது. மூன்றாவது நாளில் கை ஏற்றுக்கொண்டுவிடும்.

பந்தின் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு சின்னம் பொறித்திருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியது இருக்கும் பக்கமாகத்தான் பந்து வளையும். வலக்கைக்காரர் என்றால், வலப்பக்கமாக வெளியே விட்டு இடப்பக்கம் வளைய வைப்பது ஃபோர்ஹேண்ட். உள்ளங்கை மேலே பார்க்கப் பந்தைத் தாங்கிப் பிடித்தால் அப்போது சின்ன வட்டம் சுண்டுவிரல் பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கமாக வெளியே விட்டால் பேக்ஹேண்ட், சின்ன வட்டம் கட்டைவிரல் பக்கம். மாற்றிப் பிடித்துவிட்டால் பந்து உள்ளே வராமல் இன்னும் வெளியே ஓடிப் பக்கத்து ரிங்க்கில், அதாவது அடுத்த ஆட்டத்துக்கு ஒதுக்கிய தரைப் பட்டையில், ஆடிக்கொண்டிருப்பவர்கள் நடுவே புகுந்துவிடும். இதற்கு ‘ராங் பயஸ்’ என்று பெயர். என் முதல் பென்னன்ட் ஆட்டத்தில், இரண்டாவது எண்ட்டிலேயே, பக்கத்து ரிங்க்காரர்கள் மண்டியிட்டு அங்குலக் கணக்கில் அளந்துகொண்டிருந்தபோது என் பந்து சாவகாசமாக அவர்களை நோக்கிப் போனது. ஒருவர் காலை நீட்டி நிறுத்தினார், இல்லையென்றால் அவர்கள் எண்ட்டே கலைந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஒரு வயதான அம்மா பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, ‘வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் வரும், உனக்கு இந்த வருஷத்துக்கானது முடிந்தது’ என்றார். அவர் சொன்னது முழுப் பொய், அதே மாதத்தில் இன்னும் இரண்டு தடவை செய்தேன்.

சரி, உள்ளே எப்படிப் போவது. நேராகப் போய் பாரில் நிற்பவரிடம் ‘கற்றுக்கொள்ள வேண்டும், எந்த நாள் வரலாம்’ என்று கேட்டால் போதும். பெரும்பாலான கிளப்புகளுக்கு இப்போது புது உறுப்பினர் கிடைப்பதே பெரும்பாடு, உங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்களே தவிர முகம் சுளிக்க மாட்டார்கள். வெறுங்காலோடு ஆடும் ‘பேர்ஃபுட் பவுல்ஸ்’ என்று கோடையில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகக் கூட்டமாக வந்து பீர் குடித்துக்கொண்டு ஆடுவார்கள். அது தமாஷுக்கு நல்லது, ஆனால் அதில் கற்றுக்கொள்ள முடியாது. பயிற்றுநர் இருக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். ‘ஜாக் அட்டாக்’ என்று தொடக்கக்காரர்களுக்கான குறு ஆட்டம் சில கிளப்புகளில் நடக்கும், அது இருந்தால் இன்னும் நல்லது. சீருடை எதுவும் முதலில் தேவையில்லை. குதிகால் மேடில்லாத, அடிப்பாகம் தட்டையான ஷூ இருந்தால் சரி. பந்து கிளப்பிலேயே இருக்கும், பெரும்பாலும் இரவல் தருவார்கள்.

அங்கே அலமாரியில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட பந்துகள் வரிசையாக இருக்கும். இரண்டு கையின் கட்டைவிரல் நுனிகளும் நடுவிரல் நுனிகளும் பந்தின் அகலமான இடுப்பைச் சுற்றி ஒன்றையொன்று தொட வேண்டும். அதுதான் உங்கள் அளவு என்று சொல்லித் தருவார்கள். இது தோராயமான கணக்கு. இங்கே நிச்சயமானது எது, கருத்து எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பந்து கையிலிருந்து நழுவக் கூடாது, கையைத் தொங்கவிட்டு ஆட்டும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது, இவை நிச்சயம். கை தாங்கும் அளவில் பெரியதையே எடு என்பது பழைய ஆட்களின் கருத்து, ஒரு அளவு சிறியது எடுத்தால் விரலுக்கு அடக்கமாக இருக்கும் என்பது இப்போதுள்ளவர்களின் கருத்து. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நிறைய.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் ‘கவுச்’ என்று சொல்கிற புல் பல மைதானங்களில் இருக்கிறது. வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அறுகம்புல் இனம்தான், கலப்பின வகை. ஒட்ட வெட்டி, உருளை ஓட்டி, கம்பளம் மாதிரி ஆக்கியிருப்பார்கள். சில கிளப்புகளில் செயற்கைத் தரை. தரை எவ்வளவு ‘வேகம்’ என்பதை ஒரு பந்து சுமார் 27 மீட்டர் ஓடி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று வைத்து அளப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: விநாடி கூடினால்தான் வேகமான தரை. வழுவழுப்பான தரையில் மெல்லத் தள்ளினாலே போதும், பந்து ஆடி அசைந்து நிறைய நேரம் எடுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் முழுக்க வளைந்துகொண்டும் இருக்கும். பிரிட்டனில் 10, 12 விநாடித் தரைகள் சாதாரணம். இங்கே 14, 15 என்று போகும். நியூசிலாந்தில் 18ஐத் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் வேறு நாட்டில் வாங்கிய பந்தை இங்கே கொண்டுவந்து ஆடுகிறவர்கள் முதல் மாதம் முழுக்கத் தலையைச் சொறிகிறார்கள். காலையில் பனி ஈரத்தில் ஒரு வேகம், மதிய வெயிலில் வேறு வேகம் என்று ஒரே நாளில்கூட மாறும்.

இப்போது நான் உங்களிடம் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் திசையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எங்கே குறி வைப்பது, எவ்வளவு வெளியே விடுவது, இதுவே பேச்சு. ஆனால் பந்தைக் கெடுப்பது திசை இல்லை, வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். விடும் திசையில் ஒரு பாகை தவறினால் 27 மீட்டர் தூரத்தில் விலகல் அரை மீட்டர்தான். வேகத்தில் தவறினால் பந்து மூன்று மீட்டர் முன்னாலேயே படுத்துவிடும், அல்லது நாலு மீட்டர் தாண்டி டிச் என்கிற பள்ளத்தில் போய் விழும். அதோடு இன்னொரு உண்மை உங்களுக்குச் சாதகமானது. ஒரே தரையில், ஜாக் கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், நீங்கள் விட வேண்டிய கோணம் அநேகமாக ஒன்றேதான். ஒரு பக்கத்துக்கான கோணத்தை நாலைந்து எண்ட்டில் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க அதைத் தொட வேண்டியதில்லை. மாறிக்கொண்டே இருப்பது தூரம் ஒன்றுதான். நின்று பந்து விடுகிற சின்னப் பாய்க்கு ‘மேட்’ என்று பெயர். ஜாக் அந்த மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 31லிருந்து 40 மீட்டர் நீளமான தரையில் அதற்குமேல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இடைவெளியை உங்கள் கை உணர வேண்டும்.

அதற்கு நான் சொல்லித் தருகிற பயிற்சி எளியது, சலிப்பானது. ஜாக்கையே போடாதீர்கள். மேட்டில் நின்று நாலு பந்து விடுங்கள். முதல் பந்து எங்கே நிற்கிறதோ நிற்கட்டும், மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். திரும்பி நடந்து போய் அங்கிருந்து இன்னொரு நாலு. நாலும் ஒரு பாய் அகலத்துக்குள் அடங்க ஆரம்பித்த பிறகு ஜாக்கைப் போடுங்கள். கையால் தள்ளாதீர்கள், தோளிலிருந்து ஊஞ்சல் மாதிரி ஆடட்டும். வேகம் கூட வேண்டுமானால் பந்தைப் பிடிக்கும் உயரத்தையும் பின்னால் கொண்டுபோகும் அளவையும் கூட்டுங்கள், முழங்கையைச் சுண்டாதீர்கள். முன்காலை நீங்கள் விட நினைக்கும் கோட்டிலேயே வையுங்கள், ஜாக்கைப் பார்த்து வைக்காதீர்கள். பந்து தரையைத் தொடும்போது சத்தம் வரக் கூடாது. ‘டொக்’ என்று கேட்டால் நீங்கள் உருட்டவில்லை, போட்டுவிட்டீர்கள், அது தரையிலும் குழி விழவைக்கும். கடைசியாக, விட்ட பந்து நிற்கும்வரை அதையே பாருங்கள். பாதி வழியில் ‘சே’ என்று தலையைத் திருப்பிக்கொள்கிறவர்கள் வருடக்கணக்கில் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி ஐந்து மீட்டரில்தான் பந்து எல்லாவற்றையும் சொல்கிறது. தப்பாக விடுவதென்றால் கொஞ்சம் தாண்டி நிற்கிற மாதிரி தப்பு செய்யுங்கள். முன்னால் படுத்த பந்து நம் ஆட்களுக்கே குறுக்கே கிடக்கும். ஜாக்கைத் தாண்டி நிற்பது, பிற்பாடு யாராவது ஜாக்கைப் பின்னால் இடித்துவிட்டால் உயிர்பெற்றுவிடும்.

வேகமாக எறிந்து எல்லாவற்றையும் சிதறடிக்கிற ‘டிரைவ்’ என்று ஒன்று உண்டு. பார்க்க ஜோராக இருக்கும், சத்தமும் வரும். முதல் ஆறு மாதம் அதன் பக்கம் போகாதீர்கள்.

அணியாக ஆடும்போது நாலு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு பந்து. முதலில் ஆடுகிறவர் லீட், கடைசியில் ஆடுகிறவர் ஸ்கிப். மற்றவர்கள் உருட்டும்போது ஸ்கிப் ஜாக் இருக்கும் பக்கம் நின்றுகொண்டு எங்கே விட வேண்டும் என்று கையைக் காட்டுவார், மூன்றாமவர் டேப் எடுத்து அளப்பார். உங்களை லீட்டாகத்தான் போடுவார்கள். முதல் ஆள் என்பது கௌரவக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். குறுக்கே எதுவும் இல்லாத வெற்றுத் தரையில், ஜாக்கையும் தானே உருட்டி, அதன் பக்கத்தில் தன் பந்தை வைக்கிற வேலை. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு விதி மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ஜாக்கைத் தொட்ட பந்து ‘டச்சர்’. அதற்குச் சாக்பீஸால் குறி போடுவார்கள், அது பிறகு டிச்சில் விழுந்தாலும் கணக்கில் உண்டு. தொடாமல் டிச்சில் விழுந்தது செத்த பந்து. மற்ற விதிகளெல்லாம் ஆடும்போது தானாக வந்து சேரும்.

முழங்கால் விஷயத்தில் நான் வைத்தியன் இல்லை, எந்த மூட்டில் என்ன தேய்மானம் என்று தெரியாமல் ‘தைரியமாக ஆடுங்கள்’ என்று சொல்ல மாட்டேன். மருத்துவரிடமோ பிசியோவிடமோ, ‘ஒரு மதியத்தில் நாற்பது தடவை குனிந்து ஒரு காலை முன்வைக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவில் ஒரு பந்து கையில் இருக்கும்’ என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘பவுல்ஸ்’ என்றால் அவர் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார். ஆடலாம், ஆனால் குனியக் கூடாது என்று சொன்னாலும் வழி இருக்கிறது. ‘பவுலிங் ஆர்ம்’ என்று நீளக் கைத்தடி மாதிரி ஒரு கருவி, அதன் நுனி பந்தைக் கவ்விக்கொள்ளும், நின்றபடியே விடலாம். போட்டிகளிலும் அதோடு ஆடுகிறார்கள். எங்கள் அணியில் எட்டுப் பேரில் இரண்டு பேர் அதில்தான் ஆடுகிறார்கள், அதில் ஒருவரை இதுவரை நான் சிங்கிள்ஸில் ஜெயித்ததில்லை.

கிழவர்கள் ஆட்டம்தானே என்று பிள்ளைகள் கேலி செய்வதாக எழுதியிருந்தீர்கள். வார நாட்களில் கிளப்புக்குப் போனால் அப்படித்தான் தெரியும், மறைக்க மாட்டேன். ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் அந்த நேரம் இருக்கிறது. ஆனால் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் பெண்கள் சிங்கிள்ஸ் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் எலன் ரயன் அப்போது இருபதுகளில் இருந்தார். அதே போட்டியில் பெண்கள் நால்வர் ஆட்டத்தில் லவ்லி சவுபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி என்ற இந்திய அணி, இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் எடுத்தது. இந்தியாவில் அதுவரை இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நயன்மோனி முதலில் பளு தூக்கியவர், காயத்துக்குப் பிறகு இதற்கு வந்தவர். அன்றைக்கு எங்கள் கிளப்பில் எனக்குக் கிடைத்த கைகுலுக்கல்களைப் பார்த்தால் நானே போய் ஆடிவிட்டு வந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த இறுதியாட்டத்தின் கடைசி எண்ட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள்.

பழக்கவழக்கங்களில் இரண்டு மூன்று கவனித்தால் போதும். ஒருவர் மேட்டில் நின்று விடப் போகும்போது அவர் கண்ணெதிரே, ஜாக்குக்குப் பின்னால் நடமாடாதீர்கள். பக்கத்து ரிங்க்கை மிதிக்காதீர்கள். எதிராளியின் நல்ல பந்தையும் ‘நல்ல பந்து’ என்று வாய்விட்டுச் சொல்வது இங்கே மரபு, ஆரம்பத்தில் நமக்குக் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். குடிக்காதவன் என்றால் எலுமிச்சை ஸ்குவாஷ் வாங்கிக்கொள்ளுங்கள், நான் பதினோரு வருடமாக அதைத்தான் குடிக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தேநீர் மேசையில் முட்டை சாண்ட்விச்சும் ஸ்கோனும்தான் மிஞ்சும்.

பந்து வாங்குவதை மூன்று மாதம் கழித்து யோசியுங்கள். அதற்குள் இரவல் பந்துகளில் நாலைந்து வகையை விட்டுப் பார்த்திருப்பீர்கள். எது அகலமாக வளைகிறது, எது குறுகலாக வளைகிறது என்று கையே சொல்லும். பென்னன்ட் ஆடும் எண்ணமிருந்தால் வாங்குமுன் பந்தில் உள்ள முத்திரையைக் கிளப் பயிற்றுநரிடம் காட்டிச் சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புது செட் நாலு பந்து பல நூறு டாலர். உறுப்பினர்கள் ஆட்டத்தை விடும்போது விற்கும் பழைய செட் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும், தரத்தில் ஒன்றும் மோசமில்லை. ஹென்ஸ்லைட் இங்கேயே மெல்பர்னில் பிறந்த கம்பெனி, டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, எதிலும் எல்லா வகை வளைவும் உண்டு. உங்கள் தரைக்கும் உங்கள் கைக்கும் எந்த மாடல் பொருந்தும் என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது ஜோசியம்.

மனைவியோடு ஆடுவது பற்றி. தாராளமாக ஆடலாம், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு, இருவர் அணியில் ஒருவர் லீட், ஒருவர் ஸ்கிப். ஒரே ஒரு எச்சரிக்கை. முப்பது மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு ‘இன்னும் கொஞ்சம் வெளியே விடு, போன தடவை மாதிரி செய்யாதே’ என்று கை காட்டுவது ஸ்கிப்பின் வேலை. நானும் என் மனைவியும் மூன்று வாரம் அப்படி ஆடினோம். இப்போது ஒரே கிளப்பில் வெவ்வேறு அணியில் இருக்கிறோம், அவர் என்னைவிட இரண்டு பிரிவு மேலே. நீங்கள் இருவரும் சேர்ந்துதான் ஆடுவது என்றால், யார் ஸ்கிப் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.